துச்சிலும் புக்கிலும்

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் கடைசிக் குறளை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் இரண்டு சொற்களின் அருகில் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். ஒன்று புக்கில், மற்றொன்று துச்சில். ஒருமுறை புகுந்தபின் எவரும் எழுப்பிவிட இயலாத, என்றும் இருத்தற்குரிய வீடு புக்கில். பிறருடைய வீட்டில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் இருப்பிடம் துச்சில். உடம்பாகிய துச்சிலில் ஒண்டியிருக்கும் உயிருக்கு இன்னும் ஒரு புக்கில் வாய்க்கவில்லை போலும் என்று வள்ளுவர் வியக்கிறார். உயிரைப் பற்றிய பேருண்மையைக் கூற வந்தவர், அதற்கு உவமையாகக் குடியிருக்க இடமில்லாதவனின் நிலையை எடுத்துக்கொண்டார். அக்காலத்திலும் அத்தகையோர் பலர் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அவர்களுக்கென்று மொழியில் ஒரு சொல் பிறந்திராது.

பல ஆண்டுகளுக்கு முன், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்த சிலருக்குக் கோலசிலாங்கூரில் மாலை வகுப்பு நடத்திவந்தேன். மேற்கூறிய குறளை விளக்கி முடித்தபோது தோட்டத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அப்படியானால் துச்சில் என்பது லயத்து வீடு மாதிரியா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். உரையாசிரியர் எவரும் அவ்வாறு கூறவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்திற்குச் சென்றுவிட்டேன். அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வி அன்று என்பதை நான் உணரச் சில ஆண்டுகள் சென்றன. உணர்த்தியவர் ஒரு வேன் ஓட்டுநர்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பள்ளி வேன் எத்துணை இன்றியமையாதது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியும் ஆளிழந்தும் போனபின், எஞ்சிய பிள்ளைகளைப் பல மைல் தொலைவிலிருந்து திரட்டிக்கொண்டு வந்து சேர்ப்பவர்கள் வேன் ஓட்டுநர்களே. அவர்கள் வராத நாளில் பாதி வகுப்பு காலியாகிவிடும். நான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளிக்கு இருபது ஆண்டுகள் பிள்ளைகளை ஏற்றிவந்த ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் 'வேன் அண்ணன்'. அவர் மனைவி தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். வீடு அவர் பெயரில் இருந்தது. மனைவி மறைந்தார். பின்னர்த் தோட்டமும் விலைபோயிற்று. வீட்டைக் காலிசெய்யுமாறு கடிதம் வந்தது. மகள் கிள்ளானில் இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் ஐவராக வாழ்கிறாள். அங்கே ஆறாவது ஆளாகப் போய்ப் படுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

வேன் ஒன்றுதான் அவருடையதென்று சொல்ல இருந்தது. பின்னிருக்கைகளைக் கழற்றினார். பலகை அடித்துப் படுக்கை செய்தார். அதன் கீழ் ஒரு சிறு எரிவாயு அடுப்பு, இரண்டு தண்ணீர்க் கலன்கள், ஓர் இரும்புப் பெட்டி. சாளரங்களுக்கு மனைவியின் பழைய சேலையில் திரை. கூரை கிடைத்துவிட்டது. அதை நிறுத்துவதற்கு இடந்தான் கிடைக்கவில்லை.

இடம் தேடி அவர் அலைந்த கதையைப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கேட்டறிந்தேன். நகரில் கடைகளுக்கு முன்னுள்ள வாகன நிறுத்துமிடத்தில் பகலில் கட்டணம். இரவில் கட்டணமில்லை, ஆனால் சுற்றுக்காவலர் சாளரத்தைத் தட்டி அடையாள அட்டை கேட்பார். கோயில் வளாகத்தில் திருவிழா நாள்களில் மட்டும் நிற்கலாம். புதிய தாமான் ஒன்றின் சாலையோரத்தில் நின்றபோது நான்காம் நாள் குடியிருப்பாளர் ஒருவர் வந்து, பெண் பிள்ளைகள் இருக்கிற இடம் என்றாராம். எண்ணெய் நிலையத்தில் கழிவறை உண்டு. ஆனால் இரவெல்லாம் வெளிச்சமும் லாரிச் சத்தமும். ஒரு நில உரிமையாளர் மாதம் நூற்றைம்பது வெள்ளி கேட்டார், தண்ணீர் கிடையாது. நகரில் ஓர் அறைக்கு நானூறு வெள்ளி. அவருடைய மாத வருமானமோ நலத்துறை உதவியையும் சேர்த்து எழுநூறைத் தாண்டுவதில்லை. அதில் வேனுக்குச் சாலை வரியும் காப்புறுதியும் ஒதுக்கியாக வேண்டும். அவற்றைக் கட்டாமல் விட்டால் வண்டியை அசைக்க முடியாது. அசையாத வண்டியை ஊராட்சி மன்றம் பாழ்பட்ட வாகனம் என்று இழுத்துச் சென்றுவிடும். ஓடுகின்ற வரைதான் அது வண்டி. நின்றுவிட்டால் அதுவே புறம்போக்குக் குடிசை.

வீடு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஒன்று கூரை, மற்றொன்று கூரை நிற்கும் தரை. மலாய்க் கம்பங்களில் தூண்மேல் நிற்கும் பலகை வீட்டை ஊரார் பலர் கூடித் தோளில் சுமந்து வேறோரிடத்தில் இறக்கிவைக்கும் வழக்கம் உண்டு. பார்ப்பதற்கு அழகான காட்சி. ஆனால் இறக்கிவைக்க அங்கே ஒரு துண்டு நிலம் காத்திருக்கிறது என்பதை அக்காட்சியில் நாம் கவனிப்பதில்லை. கூரையைப் பலகையாலும் தகரத்தாலும் இரும்பாலும் செய்துவிடலாம், ஏழையும் செய்துகொள்வான். தரையை எவராலும் செய்ய இயலாது. அது முன்பே யாரோ ஒருவருக்கு உரியதாக இருக்கிறது.

ஒரு மாலை, பள்ளி முடிந்தபின் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். வேலிக்கு வெளியே, சிற்றுண்டிச் சாலைக்குப் பின்புறம், ஆசிரியர்கள் கார் நிறுத்தும் மண் தரை ஒன்று உண்டு. "சார், ராத்திரிக்கு மட்டும் அந்த ஓரத்துல நிறுத்திக்கட்டுமா? காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னால எடுத்துடுவேன்" என்றார். "அதற்கென்ன அண்ணே, கொஞ்ச நாளைக்கு இருங்கள்" என்றேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன். 'கொஞ்ச நாளைக்கு' என்று நான் சொன்ன சொற்களைப் பற்றி அன்று எனக்கு எந்த எண்ணமும் எழவில்லை.

எழுந்திருக்க வேண்டும், ஏனெனில் அச்சொற்களின் நிழலில் வளர்ந்தவன் நான். என் தந்தை பால்மரம் வெட்டியவர். எங்கள் லயத்தில் எட்டுக் கதவுகள், எங்களுடையது ஆறாவது. முன்னால் ஒரு திண்ணை, ஓர் அறை, பின்னால் இருட்டான ஓர் இடம். குடும்பம் பெருகவே தந்தை பின்புறம் தகரமும் பழம்பலகையும் கொண்டு ஓர் அடுப்படி கட்டினார். சிமெண்டுத் தரை போட்டார். 1985ஆம் ஆண்டு அவருக்கு வயது ஐம்பத்தைந்து ஆயிற்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பது தோட்டத்து வழக்கம். நான் தேர்வு எழுதும் ஆண்டு என்பதால் மூன்று மாதம் தவணை தந்தார்கள். அந்த மூன்று மாதமும் தந்தை மாதந்தோறும் ஒரு கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு கிராணியார் வீட்டுக்குப் போய் வந்தார். யாரும் கேட்கவில்லை. அவராகக் கொண்டுபோனார். வெளியேறும்போது, அடுப்படிக்கு ஏதேனும் ஈடு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அனுமதியின்றிக் கட்டியதற்கு ஈடு இல்லை என்று விடை வந்தது. சட்டப்படி அது சரியே. அந்த அடுப்படியில்தான் நாங்கள் ஐந்து பேரும் சோறுண்டு வளர்ந்தோம் என்பதும் சரியே. ஒரே பொருளைப் பற்றிய இவ்விரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று தொடாமல் எப்படி நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வட்டாரத்தின் வரலாறு முழுவதும் இவ்வினா விரவிக் கிடக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு வழங்கிய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் தென்னமாரம் தோட்டம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் தொடங்கப்பட்டது. தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே மலாயாவைக் களமாகக் கொண்டு எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்தின் பெயரோ கலப்பற்ற தமிழ். தென்னை மரமே அப்படி மருவியது. பெயரில் நம் மொழி ஏறியது போல நிலப்பட்டாவில் நம்மவர் பெயர் ஏறவில்லை. மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, ஒரே இடுகாட்டில் அடங்கிய பின்னும், வீடு வேலையோடு ஒட்டிய ஒரு கருவியாகவே இருந்தது. மண்வெட்டியைப் போல, பால்வாளியைப் போல. 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் வந்தது. குழாய் நீர், கழிவறை, காற்றோட்டம் என்று அது கூரையின் கீழுள்ள வாழ்வைத் திருத்தியது. வேலை முடிந்த மறுநாள் அந்தக் குடும்பம் எங்கே படுக்கும் என்பது அச்சட்டத்தின் கவலை அன்று.

அந்தக் கவலையைத் தொழிலாளரே சுமக்க வேண்டியதாயிற்று. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டுக்காகப் போராடியதை நாளிதழ் படிப்போர் அறிவர். அவர்கள் கேட்டது தரை வீடு. அதற்கான திட்டத்தைக் கூட்டரசு அரசாங்கம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. அடுக்குமாடி வீடு தந்தால் போதாதா, ஏன் தரைவீட்டுக்கு இத்தனை பிடிவாதம் என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. கேட்டவர் தரை வீட்டில் பிறந்து தரை வீட்டிலேயே வாழ்பவர். கால் ஊன்றிய மண் தன்னுடையது என்னும் எண்ணம், அது இருப்பவர்க்குத் தெரிவதே இல்லை, மூச்சைப் போல.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கென்று எண்ணிவிட வேண்டாம். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ஆம் ஆண்டில் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய மலை அது. குத்தகை 2028இல் முடிய வேண்டும். 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு, தாம் வாழ்ந்தது ஒரு குத்தகைக் காலத்துக்குள் என்பது அப்போதுதான் முழுமையாக உறைத்தது. நிறுவனத்திற்குக் கெடு தெரிந்திருந்தது. அரசுக்கும் தெரிந்திருந்தது.

நெடுங்காலம் ஓரிடத்தில் வாழ்ந்தமை அவ்விடத்தின்மேல் ஓர் உரிமையைத் தருமா? வாழ்ந்தவர் பக்கம் நின்று 'ஆம்' என்று சொல்வது எளிது, நெஞ்சுக்கும் இனியது. ஆனால் நிலத்தை உடையவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைத்துப் பேசுதல் அறமாகாது. இன்று இரக்கப்பட்டு ஒருவனை நிற்கவிட்டால் நாளை அவன் எழமாட்டான் என்ற அச்சம் உடையவரிடம் இருந்தால், அவர் முதல் நாளே கதவை மூடிவிடுவார். உரிமை வளரும் என்றால் இரக்கம் குறையும். நம் நாட்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, 1965ஆம் ஆண்டிலிருந்து, இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் அரசு நிலமோ பதிவுபெற்ற ஒருவரின் நிலமோ குடியிருந்தவருக்கு உரியதாகிவிடாது. இந்தியச் சட்டத்தில் தனியார் நிலத்தை உரிமையாளர் எதிர்க்காமல் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிப்படையாகத் தன்னுடையதென்று அனுபவித்தவருக்கு ஒரு வாதம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஆயினும் இந்திய விதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அனுமதி பெற்று இருந்தவனுக்கு அந்த வாதம் கிடையாது. கேட்காமல் புகுந்தவனுக்குக் கிடைக்கக்கூடியது, கேட்டுப் பணிவோடு இருந்தவனுக்குக் கிடைக்காது. என் தந்தையும் வேன் அண்ணனும் கேட்டு இருந்தவர்கள்.

மேனாட்டு மெய்யறிஞர் இம்மானுவேல் காண்ட் 1795ஆம் ஆண்டில் நிலைத்த அமைதி பற்றி எழுதிய நூலில் இப்பொருளைத் தொட்டுச் செல்கிறார். பூமி உருண்டை. அதன் பரப்புக்கு எல்லை உண்டு. ஆதலால் மனிதர் ஒருவரைவிட்டு ஒருவர் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டிருக்க இயலாது. அடுத்தடுத்து இருப்பதைப் பொறுத்தே ஆகவேண்டும். தொடக்கத்தில் இவ்விடம் எனக்கே உரியது என்று கூற எவனுக்கும் மற்றவனைவிட மிகுந்த உரிமை இல்லை. ஆகவே அந்நியன் பகைவனாக நடத்தப்படாதிருப்பது அருளைச் சார்ந்தது அன்று, உரிமையைச் சார்ந்தது என்கிறார். ஆனால் அவர் அங்கேயே ஒரு கோடும் போடுகிறார். வந்து செல்லும் உரிமை வேறு. வந்து தங்கும் உரிமை வேறு. முன்னது எல்லார்க்கும் உண்டு, பின்னதற்கு ஒப்பந்தம் வேண்டும். வந்தவனைத் திருப்பி அனுப்பலாம், அதனால் அவன் அழிந்துபோகாத வரையில். இந்த இறுதி நிபந்தனையைப் படித்தபோது, நகரத்து நிறுத்துமிடத்தில் நள்ளிரவில் தட்டப்பட்ட சாளரம் என் நினைவுக்கு வந்தது. நகரச் சொன்னவர் எவரும் அவர் அழியவேண்டுமென்று விரும்பவில்லை. ஒவ்வொருவரும் 'இங்கே வேண்டாம்' என்று மட்டுமே சொன்னார்கள். எல்லா இடங்களும் சேர்ந்து 'இங்கே வேண்டாம்' என்றால் அவருக்கு உலகில் இடம் எது என்ற கணக்கு எவர் பொறுப்பிலும் வரவில்லை.

இக்கணக்கு பெரிய நாட்டிலும் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் வீட்டு வாடகை கட்ட இயலாமல் வண்டியிலேயே வாழ்வோர் பலர். ஆரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறு நகரம், பொது இடத்தில் முகாமிட்டு உறங்குவோருக்குத் தண்டம் விதித்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் தம் வேனில் உறங்கிய ஒரு பெண்மணியும் உண்டு. உறங்க வேறு இடமே இல்லாதவரை உறங்கியதற்காகத் தண்டிக்கலாமா என்பது வழக்கு. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, நகரத்தின் சட்டம் செல்லும் என்று தீர்த்தது. அதே நாட்டில் அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்னும் ஊருக்கு அருகில் அரசே பொது நிலத்தைத் திறந்து வைத்திருக்கிறது. நெடுங்காலமாக அங்கே 180 டாலர் கட்டணம் செலுத்தியவர், செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஏழு மாதம் வண்டி வீட்டை நிறுத்தி வாழலாம். இது இலவசமும் அன்று, நிலையான வீடும் அன்று. ஆனால் கட்டணம் இவ்வளவு, கெடு இந்த நாள் என்று முன்கூட்டியே தெரியும். இடையில் எவரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் இதை ஒரு மலிவான ஏற்பாடு என்று மட்டுமே கருதினேன். அதன் பயன் மலிவில் இல்லை என்பதை வேன் அண்ணன் கற்பித்தார்.

அவர் எங்கள் பள்ளியின் பின்புறத்தில் ஐந்து மாதம் இருந்தார். இருந்தார் என்பதைவிட, இருப்பது தெரியாதபடி இருந்தார் எனல் பொருந்தும். விடியுமுன் வேனை எடுத்துவிடுவார். போகுமுன் மண் தரையைக் கூட்டியிருப்பார். சருகு ஒன்று கிடக்காது. சில நாள்களில் என் மேசைமேல் ஒரு பப்பாளியோ நாலு மாங்காயோ இருக்கும். என்னைக் கண்டால் இருக்கையைவிட்டு எழுந்து நிற்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேண்டாம் அண்ணே என்றால் சிரிப்பார். பிள்ளைகளை ஏற்றிவந்த காலத்தில், மழையில் தாமதமாகக் கதவைத் திறந்ததற்காக என்னைக் கடிந்து பேசிய மனிதர் அவர். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பப்பாளியை வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டேன்.

என் தந்தையின் கோழிக் கூடை என் நினைவுக்கு வந்தது பிற்பாடுதான். பணமாகக் கொடுக்காத வாடகையை அவர்கள் நன்றியாகக் கொடுத்தார்கள். பண வாடகைக்கு மாதக் கடைசியோடு கணக்கு முடியும். நன்றி வாடகைக்கு முடிவே இல்லை. எழுந்து நின்றும், கூட்டிப் பெருக்கியும், குரலைத் தாழ்த்தியும் நாள்தோறும் செலுத்திக்கொண்டே இருக்கவேண்டும். அதில் கொடுமை என்னவென்றால், பெற்றுக்கொள்பவனுக்குத் தான் வாடகை வாங்குவதே தெரியாது. தான் ஈகை செய்வதாகவே அவன் எண்ணிக்கொண்டிருப்பான்.

ஐந்தாம் மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் பேச்சை எடுத்தார். பள்ளிக்குப் பின்னால் ஒருவர் குடியிருக்கிறாராமே, நாளை ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு? கேட்டவர் தீயவர் அல்லர். பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தந்தை கேட்கக்கூடிய கேள்விதான். அக்கேள்விக்கு என்னிடம் வேறொரு விடையும் இருந்தது. அது என் வாயை அடைத்தது. அந்த மண் தரை பள்ளிக்கு உரியதே அன்று. பள்ளி நிற்கும் நிலமும் பள்ளிக்கு உரியதன்று.

நம் தமிழ்ப்பள்ளிகளின் கதையை ஆசிரியர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. அதனால் பள்ளிகள் தோட்ட நிலத்தில் முளைத்தன. தோட்டம் விற்கப்பட்டால் பள்ளி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற கேள்வி எழும். இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகள் பல பிறர் நிலத்திலேயே நிற்கின்றன. பிள்ளைகள் இல்லாத தோட்டத்திலிருந்து பிள்ளைகள் உள்ள ஊருக்குப் பள்ளியின் உரிமத்தை மாற்றிக்கொண்டுபோக முயலும்போது, நிலம் தேடி அலைவது எத்தனை ஆண்டு வேலை என்பதைச் செய்தவர்கள் அறிவர். உரிமம் கையில், இறக்கிவைக்கத் தரை இல்லை. அந்த வேனுக்கும் என் பள்ளிக்கும் இவ்வகையில் வேற்றுமை இல்லை. எங்கள் அலுவலகக் கோப்பில் நில உரிமையாளர் தந்த பழைய கடிதம் ஒன்று இருக்கிறது. மறு அறிவிப்பு வரும்வரை பள்ளி இவ்விடத்தில் இயங்கலாம் என்பது அதன் சாரம்.

கூட்டத்துக்கு மறுநாள், யாரும் குறைகூற இடமில்லாதபடி செய்யவேண்டும் என்று எண்ணி, வேன் அண்ணனுக்கு ஒரு கடிதம் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். இரவு நேரத்தில் மட்டும், மறு அறிவிப்பு வரும்வரை, வாகனத்தை நிறுத்திக்கொள்ளலாம். கையொப்பமிட்டு முத்திரையும் குத்தினேன். அவருக்கு ஒரு பாதுகாப்புச் செய்துவிட்டதாகவே அப்போதும் நினைத்தேன். என் கோப்பிலிருந்த சொற்களையே நான் எடுத்து எழுதியிருக்கிறேன் என்பதை அறியவில்லை. அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் வேன் வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். எனக்குச் சினம் வந்தது. உதவியை மதியாதவர் என்று துணைத் தலைமையாசிரியரிடம் கூறினேன். இதை எழுத எனக்கு நாணமாக இருக்கிறது. ஆயினும் எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

துன் வீ. தி. சம்பந்தனைப் பற்றி ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நாம் பெரும்பாலும் அவர் தலைவராக இருந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆங்கிலேயர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960ஆம் ஆண்டில், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரிடம் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். நாட்கூலிக்காரனுக்குப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை என்பதை எண்ணிப் பாருங்கள். ஏழைகளிடம் போய்ப் பணம் கேட்கிறாரே என்று ஏளனம் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்காகச் செல்வரிடம் கையேந்தியிருக்கலாம் அன்றோ? கையேந்தியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது மற்றுமொரு துச்சில். பத்து வெள்ளி கட்டியவன் பங்குக்காரன். அவன் யாருக்கும் கோழி கொண்டுபோக வேண்டியதில்லை. அந்தச் சங்கம் பின்னாளில் எவ்வாறு நடந்தது, எல்லாத் தொழிலாளரையும் அது காத்ததா என்பன வேறு வினாக்கள். காக்கவில்லை என்பதற்கு என் தந்தையே சான்று. ஆனால் கேட்ட முறையில் இருந்த மதிப்பை நான் என் ஐம்பதாம் வயதில்தான் புரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் பாசிர் பெனாம்பாங் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தேன். ஆற்றோரம், பழைய மரக்கிடங்கு ஒன்றின் பின்னால் அந்த வேன் நின்றது. சக்கரங்களுக்குக் கீழே செங்கல் வைத்து மட்டம் செய்திருந்தார். பக்கவாட்டில் தகரத்தாழ்வாரம் இறக்கி, அதன் கீழ் ஒரு நாற்காலி. பால் டின்களில் கறிவேப்பிலையும் மிளகாயும் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் "வாங்க சார்" என்றார். எழுந்திருக்கவில்லை. காலில் வலி என்று நினைத்தேன். பின்னர் எழுந்து நன்றாகவே நடந்து தேநீர் போட்டார்.

கிடங்குக்காரர் ஒரு சீன முதியவர். மாதம் எண்பது வெள்ளி, தண்ணீரும் சேர்த்து. எங்கள் பள்ளியில் ஒரு காசும் கொடுக்காமல் இருந்தவர் இங்கே எண்பது வெள்ளி கொடுக்கிறார். எழுநூறு வெள்ளிக்காரனுக்கு அது சிறு தொகை அன்று. எனக்குள் பழைய சினம் சற்றே தலைநீட்டியது. "அங்கே சும்மாவே இருந்திருக்கலாமே, அண்ணே. கடிதமும் கொடுத்திருந்தேனே?" என்றேன்.

"குடுத்தீங்க சார். நல்லா எழுதியிருந்தீங்க" என்றார். பிறகு வேனுக்குள் போய் ஒரு நெகிழி உறையை எடுத்துவந்தார். உள்ளே அடையாள அட்டை, மருத்துவமனை அட்டை, அவற்றோடு ரப்பர் வளையம் போட்ட ஒரு சிறு கட்டு. "போன மாசம் கூரை ஒழுகிச்சின்னு அவர்கிட்ட சண்டை போட்டேன் சார். கிடங்குத் தண்ணி எல்லாம் என் வேன் மேலதான் விழுது. ஆள் வச்சு பீலி அடிச்சுக் கொடுத்தார்" என்று சொல்லிக்கொண்டே கட்டைப் பிரித்துக் காட்டினார். பத்தொன்பது ரசீதுகள். நீல மையில் சீன எழுத்து முத்திரை; பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. அந்தப் பிழையைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், அடுத்த மாதத்திலிருந்து சரியாக எழுதுவதாக ஒப்புக்கொண்டிருப்பதாகவும் கூறினார்.